'நேரடியாகவோ மறைமுகமாகவோ': அரசின் உமிழ்வுக் கணக்கில் விடுபட்டவர்கள்

2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், 2070ஆம் ஆண்டுக்குள் இந்தியா நிகர பூஜ்ஜிய உமிழ்வை எட்டும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அதன் பின்னர் நடக்கும் விவாதங்களில் அனல்மின் நிலையங்கள், சிமெண்ட் ஆலைகள், வாகனங்கள், வேளாண்மை எனப் பலவும் பேசப்படுகின்றன. அரசு அந்த விவாதத்தில் விதி வகுப்பவராகவும் நிதி ஒதுக்குபவராகவும் மட்டுமே தோன்றுகிறது. ஆனால் ரயில்களை ஓட்டுவதும், கண்டோன்மென்ட்களையும் மத்தியப் பல்கலைக்கழகங்களையும் மருத்துவமனைகளையும் அஞ்சலகங்களையும் நடத்துவதும் அதே அரசுதான். அது எரிக்கும் டீசலும், இழுக்கும் மின்சாரமும், வெளியேற்றும் கழிவுநீரும் சேர்ந்து பெரும் அளவிலான பசுமை இல்ல வாயுக்களை உருவாக்குகின்றன.

ஓர் அரசு தன் சொந்தச் செயல்பாடுகளிலிருந்து எழும் உமிழ்வை எப்படிக் குறைக்கலாம் என்பது தொழில்நுட்பம் சார்ந்த கேள்வியாகத் தோன்றலாம். தலித் உரிமை இயக்கம் இதில் ஏன் தலையிட வேண்டும் என்றும் கேட்கப்படலாம். அரசு அலுவலகத்தின் கழிவறையையும் கழிவுநீர்த் தொட்டியையும் ரயில் தண்டவாளத்தையும் சுத்தம் செய்வதற்கு யாரை இந்தச் சமூகம் நிறுத்தியிருக்கிறது என்பதை அறிந்தவர்கள் நாம். அவர்களை அரசின் பணியாளர் பட்டியலிலிருந்து நீக்கிய அதே ஒப்பந்த முறை, இப்போது அரசின் புகையையும் அதன் கணக்கிலிருந்து நீக்க உதவுகிறது. எனவே இந்தக் கணக்கை நாம் வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கணக்கு எழுதப்படும் முறை

உமிழ்வைக் கணக்கிட உலகெங்கும் பின்பற்றப்படும் நெறிமுறை 2001இல் வெளியானது. அது ஒரு நிறுவனத்தின் உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறது. நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருளும், அதன் கருவிகளிலிருந்து கசியும் வாயுக்களும் ஸ்கோப் 1. அது விலைக்கு வாங்கும் மின்சாரத்தை உற்பத்தி செய்யும் இடத்தில் எழும் உமிழ்வு ஸ்கோப் 2. அது வாங்கும் பொருள்கள், அமர்த்தும் சேவைகள், வெளியே அனுப்பும் கழிவு ஆகியவற்றின் பின்னால் உள்ள மற்ற உமிழ்வுகள் யாவும் ஸ்கோப் 3.

பெரும்பாலான கணக்குகள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஓர் அமைச்சகம் தன் சொந்தக் கார்களை விற்றுவிட்டு, ஒப்பந்ததாரரிடம் வாடகைக் கார்களை அமர்த்திக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அதிகாரி, அதே சாலை, அதே டீசல். ஆனால் அந்த உமிழ்வை ஸ்கோப் 3இல் எழுதிவிட அமைச்சகத்துக்கு வழி கிடைக்கிறது. ஸ்கோப் 3 கணக்கிடப்படாவிட்டால் அந்தப் புகை ஏட்டில் எங்குமே இராது. கழிவுநீரை அகற்றும் பணியை டேங்கர் லாரி ஒப்பந்ததாரரிடம் விட்டாலும் இதே கதைதான்.

இந்த உத்தி நமக்குப் புதிதல்ல. மலக்குழி மரணங்கள் நிகழும் ஒவ்வொரு முறையும், "இறந்தவர் எங்கள் பணியாளர் அல்லர், ஒப்பந்ததாரரின் ஆள்" என்ற பதிலை நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பதிலை முறியடிக்கவே, கையால் மலம் அள்ளும் தொழிலாளர் பணியமர்த்தத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013இன் 5ஆம், 7ஆம் பிரிவுகளில் 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' என்ற சொற்கள் இடம்பெற்றன. எந்த நபரும், உள்ளாட்சியும், முகமையும், நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ மலக்குழிக்குள்ளோ இறக்கி ஆபத்தான துப்புரவில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது 7ஆம் பிரிவு. பொறுப்பை ஒப்பந்தத்தின் மூலம் கைமாற்றிவிட முடியாது என்பதே இதன் பொருள். அரசின் உமிழ்வுக் கணக்குக்கும் இந்தச் சொற்கள் தேவை.

கட்டடங்கள்: விளக்கு, ஏசி, கூரை

அரசு எளிதாகத் தொடங்கக்கூடிய இடம் அதன் கட்டடங்கள். இந்திய மின்தொகுப்பிலிருந்து பெறும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஆண்டுக்கு 1,500 யூனிட் இழுக்கும் ஓர் ஏசி, அந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒரு டன் உமிழ்வுக்குக் காரணமாகிறது. ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் மதிப்பீடு. 20 டிகிரியில் உறையும் அதிகாரியின் அறையை 24 டிகிரிக்குக் கொண்டுவந்தால், செலவில்லாமலே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேமிக்கலாம்.

மின்கட்டண ரசீதில் தெரியாத உமிழ்வு ஒன்றும் உண்டு. பல ஏசிகளில் உள்ள ஆர்-410ஏ என்ற குளிர்பதன வாயு, கரியமில வாயுவைப் போல 2,000 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் திறன் கொண்டது. ஒரு கிலோ கசிந்தால், மேலே சொன்ன ஏசி இரண்டு ஆண்டுகள் ஓடுவதால் ஏற்படும் உமிழ்வுக்கு அது ஈடாகிவிடும். பழுது பார்க்கும்போது பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்புவது இங்கே பரவலான வழக்கம். வாயுவை மீட்டெடுக்கும் கருவியும், அதற்கான பயிற்சியும், அந்த வேலைக்குரிய கூலியும் பராமரிப்பு டெண்டரில் எழுதப்படாதவரை, மெக்கானிக்கைக் குறை சொல்வதில் பயனில்லை. இத்தகைய வாயுக்களின் பயன்பாட்டை 2028இல் ஓர் அளவில் நிறுத்தி, 2032 முதல் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி உடன்படிக்கையை இந்தியா 2021இல் ஏற்றுள்ளது. அந்த ஆண்டுகள் வரும்வரை அரசு அலுவலகங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. புவியைச் சூடாக்கும் திறன் மிகக் குறைந்த ஆர்-290 வாயுவில் இயங்கும் ஏசிகள் இந்தியச் சந்தையிலேயே உள்ளன.

மூன்றாவது, கூரை. அரசுக் கட்டடத்தின் மொட்டைமாடியில் வைக்கும் சூரிய மின்தகடு யாருடைய நிலத்தையும் பறிப்பதில்லை. இந்த எளிய உண்மையின் முக்கியத்துவம், ரயில்வேயைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சிக்கனம் என்ற பெயரில் விடுதி மாணவரின் மின்விசிறியிலும், வெயிலில் நிற்கும் தூய்மைப் பணியாளரின் ஓய்வறையிலும் கைவைப்பதை உமிழ்வுக் குறைப்பு என்று ஏற்க முடியாது. குறைப்பு எங்கே மிகுதியாகச் செலவாகிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரயில்வே: டீசல் போனது, நிலக்கரி?

2030ஆம் ஆண்டுக்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வை எட்டுவதாக இந்திய ரயில்வே இலக்கு வைத்துள்ளது. அகலப் பாதைகளில் 98 விழுக்காட்டுக்கு மேல் மின்மயமாகிவிட்டன. இது சாதனைதான். எனினும் டீசல் என்ஜினிலிருந்து எழுந்த ஸ்கோப் 1 புகை, மின்சார என்ஜின் வந்ததும் ஸ்கோப் 2 புகையாகிறது; மின்சாரம் நிலக்கரியிலிருந்து வரும்வரை புகைபோக்கி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பீகாரின் நபிநகரில் உள்ள 1,000 மெகாவாட் அனல்மின் நிலையத்தில் ரயில்வே 26 விழுக்காடு பங்குதாரர். அங்கு உற்பத்தியாகும் மின்சாரத்தில் 90 விழுக்காடு ரயில்வேக்கு உரியது. ஆகவே ரயில்வேயின் உமிழ்வுக் கணக்கை நபிநகரையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதற்கு மாற்று, காற்றிலும் சூரிய ஒளியிலும் கிடைக்கும் மின்சாரம். மத்தியப் பிரதேசத்தின் பீனாவில், ரயில்வேயின் சொந்தக் காலி நிலத்தில் அமைந்த 1.7 மெகாவாட் சூரிய மின்நிலையம் ரயில் இயக்கத்துக்கான மின்தடத்துக்கே நேரடியாக மின்சாரம் தருகிறது. அளவில் சிறியது, ஆனால் தன் நிலம், தன் பயன்பாடு என்ற அந்த வடிவம் பின்பற்றத்தக்கது.

வெளியிலிருந்து வாங்கும் சூரிய மின்சாரத்துக்குப் பின்னால் வேறொரு கணக்கு இருக்கிறது. கர்நாடகத்தின் தும்கூரு மாவட்டத்தில் உள்ள பாவகடா சூரியப் பூங்கா, ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் திறனுடன் அமைந்தது. நிலம் கையகப்படுத்தப்படவில்லை, உடைமையாளர்களிடமிருந்து ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கிய குத்தகைக்கு எடுக்கப்பட்டது. நிலம் வைத்திருந்தவருக்கு வருமானம் கிடைத்தது. அதே நிலத்தில் களையெடுத்தும் அறுவடை செய்தும் கூலி பெற்ற நிலமற்றவருக்கு, அவர்களில் தலித்துகள் கணிசமானோர், குத்தகைப் பத்திரத்தில் இடமில்லை.

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறைக்குள் வேளாண் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் கொண்டுவந்தது. குத்தகை என்ற வழியில் சென்றால் அந்தச் சட்டமே பொருந்தாமல் போய்விடுகிறது. இங்கும் ஓர் ஒப்பந்தம்தான் மனிதர்களைக் கணக்கிலிருந்து நீக்குகிறது. அரசு தன் கூரைகளையும் தன் காலி நிலங்களையும் முதலில் பயன்படுத்த வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான். அதற்கு மேலும் தேவைப்படும் மின்சாரத்தை வாங்கும்போது, நிலமற்ற கூலிகளுக்கான இழப்பீட்டை மின்கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

கழிவு: கொல்லும் வாயுவும் சூடாக்கும் வாயுவும்

காற்றில்லாத இடத்தில் மலமும் கழிவும் சிதையும்போது மீத்தேன் உருவாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 27 மடங்கு புவியைச் சூடாக்கும். கழிவுநீரிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு 273 மடங்கு. மூடிய மலக்குழிக்குள் அந்த மீத்தேன் ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டு, நஞ்சான ஹைட்ரஜன் சல்ஃபைடுடன் சேர்ந்து தேங்கி நிற்கிறது. உள்ளே இறங்குபவரைக் கொல்லும் குழியும் வானத்தைச் சூடாக்கும் குழியும் ஒன்றே.

ரயில்வே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரயில் பெட்டிகளின் கழிவறைகள் பல்லாண்டுகளாகத் தண்டவாளத்தின் மீதே திறந்திருந்தன. அதை அள்ளியவர்கள் யார் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோதுகூட, அறிவிக்கப்பட்ட கருவிகளோடும் பாதுகாப்பு உறைகளோடும் பணியாளர் சுத்தம் செய்தால் ரயில் பெட்டிக் கழிவறை 'சுகாதாரமற்ற கழிவறை' ஆகாது என்று ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது. கையுறை கொடுத்தால் இழிவு நீங்கிவிடும் என்பது அந்த விலக்கின் தர்க்கம். 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தண்டவாளங்களில் கையால் மலம் அள்ளுவதை ஒழிக்கக் காலவரையறை கொண்ட திட்டம் வகுக்குமாறு ரயில்வேயைப் பணித்தது. பின்னர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டிஆர்டிஓவின் தொழில்நுட்பத்தில் உருவான உயிரிக் கழிவறைகள் பயணிகள் பெட்டிகளில் பொருத்தப்பட்டன. பெட்டிக்கு அடியிலுள்ள தொட்டியில் நுண்ணுயிரிகள் மலத்தை நீராகவும் வாயுவாகவும் சிதைக்கின்றன.

இதில் இரு பாடங்கள் உள்ளன. கருவியை மாற்றினால்தான் அந்த வேலை ஒழிகிறது. உறையை மாற்றினால் வேலை அப்படியே நீடிக்கிறது. அடுத்தது, கருவி வந்தபின்பும் பராமரிப்பை யார் செய்கிறார் என்று கேட்க வேண்டும். உயிரிக் கழிவறைகளில் பெருமளவில் அடைப்புப் புகார்கள் எழுந்ததைத் தலைமைத் தணிக்கையாளரின் 2017ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்தது. அடைப்பை நீக்கும் கை யாருடையது என்ற கேள்வி அங்கே மீண்டும் வருகிறது.

ரயில் நிலையங்கள், ஊழியர் குடியிருப்புகள், கண்டோன்மென்ட்கள், மத்தியப் பல்கலைக்கழக வளாகங்கள் ஆகியவற்றின் கழிவுநீர் இதைவிடப் பெரியது. அவற்றின் மலக்குழிகளுக்குப் பதிலாகச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்து, மீத்தேனைப் பிடித்துச் சமையலுக்கோ மின்சாரத்துக்கோ பயன்படுத்தினால் உமிழ்வு குறையும். குழிக்குள் மனிதர் இறங்க வேண்டிய தேவையும் நீங்கும். 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்திய உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறையில் விடப்பட்ட பணிகளிலும் எவரும் சாக்கடைக்குள் இறங்க வேண்டியிராத நிலையை உறுதிசெய்யும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. இயந்திரமயமாக்கலுக்குச் செலவிடும் பணத்தைச் சமூகநீதி அமைச்சகத்தின் தனிச் செலவாகப் பார்க்காமல், ஒவ்வொரு துறையின் காலநிலைச் செலவாகவும் எழுத முடியும்.

கொள்முதல்: அரசின் மிகப் பெரிய கருவி

ஓர் அரசு எதை வாங்குகிறதோ, சந்தை அதை நோக்கி நகரும். 2014இல் அரசு சார்ந்த கொள்முதலில் ஏறத்தாழ 310 ரூபாயாக இருந்த எல்இடி பல்பின் விலை, மொத்தமாக வாங்கியதன் விளைவாக 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. அரசின் நான்கு மின்துறை நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஓர் அமைப்பு இதைச் செய்தது. அதுவே நாடெங்கும் 1.3 கோடிக்கு மேற்பட்ட தெருவிளக்குகளையும் மாற்றியது. ஏசி, மின்சார வாகனம், சூரியத் தகடு, கழிவுநீர் உறிஞ்சும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் இதே வழி திறந்திருக்கிறது.

தடையாக இருப்பது எல்1 எனப்படும் குறைந்த விலைப்புள்ளி முறை. பொருளின் வாழ்நாள் முழுவதும் ஆகும் மின்சாரச் செலவைக் கணக்கில் கொள்ளாமல், வாங்கும் நாளின் விலையை மட்டும் பார்த்தால், மின்சாரத்தை விழுங்கும் கருவி வெல்லும். துப்புரவு ஒப்பந்தத்தில் அதே முறை, பாதுகாப்புக்கும் கூலிக்கும் மிகக் குறைவாக ஒதுக்கியவரை வெல்ல வைக்கிறது. எனவே வாழ்நாள் செலவும், தொழிலாளர் பாதுகாப்பும் டெண்டரின் தகுதி நிபந்தனைகளாக வேண்டும். சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து ஒன்றிய அரசு வாங்க வேண்டிய 25 விழுக்காட்டில், 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்களுக்கு உரியது. பசுமைக் கொள்முதல் பெருகும்போது இந்த 4 விழுக்காடு அதிலும் எட்டப்படுகிறதா என்று துறைவாரியாகக் கேட்க வேண்டும்.

ஆணையா, சட்டமா?

இவற்றையெல்லாம் ஒரு சுற்றறிக்கையால் செய்துவிட முடியாதா என்று தோன்றலாம். அமெரிக்காவின் அனுபவம் பதில் சொல்கிறது. 2021 டிசம்பரில் அதிபர் பைடன் பிறப்பித்த 14057ஆம் எண் ஆணை, ஏறத்தாழ 3 லட்சம் கட்டடங்களும் 6 லட்சம் வாகனங்களும் கொண்ட கூட்டாட்சி அரசின் செயல்பாடுகளை 2050க்குள் நிகர பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. 2030க்குள் 65 விழுக்காடு குறைப்பு அதன் இடைக்கால இலக்கு. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே அதிபர் டிரம்ப் அதை ரத்து செய்தார். ஒரு கையெழுத்தில் வந்தது ஒரு கையெழுத்தில் போனது. ஜெர்மனியோ 2030க்குள் கூட்டாட்சி நிர்வாகம் காலநிலைச் சமநிலை எட்ட வேண்டும் என்பதை 2019ஆம் ஆண்டின் காலநிலைப் பாதுகாப்புச் சட்டத்திலேயே எழுதியது. சட்டத்தையும் நீக்கலாம், ஆனால் அதற்கு நாடாளுமன்றத்தில் விவாதித்து வாக்களிக்க வேண்டும்.

இந்தியாவில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் தங்கள் உமிழ்வு விவரங்களை வெளியிட வேண்டும் என்று செபி விதித்துள்ளது. அமைச்சகங்கள் மீது அதே கடமையைச் சுமத்தும் நாடாளுமன்றச் சட்டம் எதுவும் இல்லை. 2024 மார்ச் 21 அன்று எம்.கே.ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமை அரசமைப்பின் 14, 21 பிரிவுகளில் அடங்கியது என்று கூறிய உச்ச நீதிமன்றம், இத்துறைக்கெனத் தனியான முழுமைச் சட்டம் இல்லாததையும் சுட்டியது. அந்த உரிமையை 17ஆம் பிரிவின் தீண்டாமை ஒழிப்போடு சேர்த்து வாசிப்பது நம் பணி.

அத்தகைய சட்டம் வரும்போது அதில் நாம் கோர வேண்டியவை தெளிவானவை. அரசு நேரடியாகவோ மறைமுகமாகவோ செய்விக்கும் எல்லாப் பணிகளின் உமிழ்வும் அரசின் கணக்கில் சேர வேண்டும். ஒவ்வொரு அமைச்சகமும் ஆண்டுதோறும் அதை நாடாளுமன்றத்தில் வைக்க, தலைமைத் தணிக்கையாளர் தணிக்கை செய்ய வேண்டும். அந்த அறிக்கையிலேயே ஒப்பந்தத் தொழிலாளர்களின் எண்ணிக்கை, கூலி, விபத்து, மரணம் ஆகியவையும் இடம்பெற வேண்டும். ஒரு மனிதரைக் குழிக்குள் இறக்கியோ, நிலமற்றவரின் பிழைப்பைப் பறித்தோ பெற்ற குறைப்பு, குறைப்பாகக் கணக்கிடப்படக் கூடாது.

சட்டம் வரும்வரை நம் கையில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அருகிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகம், ரயில் கோட்ட அலுவலகம், கண்டோன்மென்ட் வாரியம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடந்த மூன்று ஆண்டுகளுக்கான விவரங்களைக் கேட்கலாம்: மின்நுகர்வு எத்தனை யூனிட்? ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல்? ஏசிகளில் எந்த வாயு, எத்தனை கிலோ நிரப்பப்பட்டது? எத்தனை மலக்குழிகள் உள்ளன, அவற்றைச் சுத்தம் செய்ய எந்த இயந்திரம் பயன்படுத்தப்பட்டது? துப்புரவு ஒப்பந்தத்தின் நகல் எங்கே? விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கான காலம் 30 நாள். ஐந்து கேள்விகளையும் ஒரே மனுவில் கேளுங்கள். முதல் மூன்றுக்கும் எண்களைத் தந்துவிட்டு, மலக்குழிக்கும் ஒப்பந்தத்துக்கும் மட்டும் 'ஒப்பந்ததாரரிடம் கேட்கவும்' என்று ஓர் அலுவலகம் பதிலளித்தால், மேல்முறையீட்டை அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.